ஷிப்டு இல்லாத ஊழியம்

தங்கச் சுரங்கம் ஓடிய நாளில், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறையின் வெக்கையில் வேலை செய்த தொழிலாளி, ஷிப்டு முடிந்ததும் மேலே வந்துவிடுவார். அவர் இடத்துக்கு அடுத்த ஷிப்டுக்காரர் இறங்குவார். எவ்வளவு பலசாலியானாலும் ஒருவரையே இரவும் பகலும் கீழே வைத்திருக்க முடியாது என்பது மேஸ்திரிக்கும் தெரியும், மேலதிகாரிக்கும் தெரியும்.

இந்தச் சாதாரண நியாயம் நம் ஆலயங்களில் மட்டும் ஏன் இல்லை?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. இருப்பவர்களில் ஏராளமானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். ஆலயத்தில் கைகள் குறைந்தன, வேலைகள் குறையவில்லை.

ஆறு நாள் ரயிலில் நின்று போய்வரும் ஒரு குமாஸ்தாவின் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். காலையில் ஞாயிறு பள்ளி, பிறகு பாடகர் குழு, ஆராதனை முடிந்ததும் காணிக்கைக் கணக்கு, மதியம் கமிட்டி, மாலையில் வீட்டு ஜெபக்கூட்டம். யாராவது இறந்துவிட்டால் பெட்டி சொல்வதும் குழி வெட்ட ஏற்பாடு செய்வதும் அவரே. டிசம்பர் வந்தால் கீத பவனி நள்ளிரவு வரை. விருந்து என்றால் அடுப்படியில் நிற்பது அதே நாலைந்து தாய்மார்கள்.

முதலில் எரிச்சல் வருகிறது. பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் போகிறது. ஒருநாள் அவர் வருவதே இல்லை. நாமோ, "விசுவாசம் குளிர்ந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்த ஆளைப் பிடிக்கிறோம்! உத்தியோகத்தில் வரும் இத்தகைய சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விவரித்தது: சக்தி வற்றுதல், வேலையில் வெறுப்பு, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். சம்பளமில்லா ஊழியத்திலும் இதே மூன்றைத்தானே பார்க்கிறோம்?

"கர்த்தருடைய வேலையில் களைப்பா?" என்று சிலர் கேட்பார்கள். வேதமே பதில் சொல்கிறது. காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயைத் தடுத்து, பாரத்தைப் பங்கிடச் சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. சாக விரும்பிச் சூரைச் செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். அப்போஸ்தலர்களும் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரை வேறாகத் தெரிந்துகொள்ளும்படி சீஷர்களிடம் சொன்னார்கள்.

ஆகவே சபைகள் சிலவற்றைச் செய்யலாம். ஒருவருக்கு ஒரு பொறுப்பு. அதற்கு ஒரு கால வரம்பு. கூடவே பழகிக்கொள்ள ஓர் இளையவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் சும்மா உட்கார்ந்து ஆராதிக்கட்டும். நடத்த ஆளில்லாத கூட்டத்தை நிறுத்திவைப்பதில் அவமானமில்லை. ஊழியரும், "இந்த மாதம் என்னால் இயலாது, ஐயா" என்று ஆயரிடம் கூசாமல் சொல்லப் பழக வேண்டும். அதைக் கேட்ட ஆயர், "வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று விசாரிக்க வேண்டும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பூமிக்கடியில் உழைத்தவருக்குக்கூட மேலே வர நேரம் இருந்தது. ஆலயத்தில் உழைப்பவருக்கும் அது வேண்டும்.