குஞ்சின் காலும் கூட்டுறவின் கடமையும்

தறி ஓய்ந்திருக்கும் மாதங்களிலும், மழை பொய்த்த பருவங்களிலும், நம் அங்கத்தினர் பலரின் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை அவர்கள் வளர்க்கும் கறிக்கோழிகளே. ஆதலின், அவற்றின் தீனியில் சேரவேண்டிய தாது உப்புக்களைப் பற்றி நம் சங்கம் சிந்திப்பது அவசியமாகிறது.

சென்ற ஆண்டு நெசவாள அன்பர் ஒருவரின் கொட்டகையில், மூன்றாம் வாரத்துக் குஞ்சுகள் சில மூட்டு வீங்கி, கால் ஒருபுறம் சாய்ந்து, எழமாட்டாமற் கிடந்தன. “எலும்புக்குச் சுண்ணாம்பு போதவில்லை” என்று அண்டை வீட்டார் கூறவே, அவர் கிளிஞ்சல் தூளைத் தாராளமாக அள்ளிக் கலந்தார். மறுவாரம் நொண்டிய குஞ்சுகள் மேலும் பெருகின. தம் விதியை நொந்துகொண்டார். அது விதியன்று; அளவறியாமையின் விளைவே.

சுமார் 40 கிராம் எடையுள்ள குஞ்சு, ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோவாக வளர்கிறது. அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க எலும்பு உறுதிபெற வேண்டும். இதற்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது. பாஸ்பரசும் உடன் வேண்டும். இளங்குஞ்சின் தீனியில் கால்சியம் 1 சதவிகிதமும், செரிக்கத்தக்க பாஸ்பரசு 0.45 சதவிகிதமும் இருத்தல் தகும். மக்காச்சோளத்திலும் சோயாப் பிண்ணாக்கிலும் பாஸ்பரசு உண்டெனினும், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகப் பிணைந்திருப்பதால் குஞ்சிற்குப் பெரிதும் பயன்படுவதில்லை. அதனாலேயே டைகால்சியம் பாஸ்பேட்டையோ, பைட்டேஸ் என்னும் நொதியையோ சேர்க்கின்றனர்.

கால்சியம் மிகுந்தால் நேர்வது யாது? அது பாஸ்பரசைப் பிணைத்துக்கொள்கிறது. மாங்கனீசும் துத்தநாகமும் உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. மாங்கனீசு குறைந்தால் குஞ்சின் மூட்டு நரம்பு நழுவிக் கால் கோணும் என்பதை 1936ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனவே, நம் அன்பர் மருந்தென்று இட்டதே நோயை வளர்த்தது. விலை மலிவென்று முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுகளுக்கு இடுவோரும் இதே பிழையைச் செய்கின்றனர். முட்டையோட்டிற்காக அதில் மூன்றரை சதவிகிதத்திற்கு மேல் கால்சியம் சேர்க்கப்படுகிறது; அது குஞ்சின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

பாவுக்குக் கஞ்சி குறைந்தால் நூல் பிசிறும், மிகுந்தால் முறியும். இதனை அறிந்த நெசவாளர்க்கு அளவின் அருமையை வேறொருவர் உரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் இங்கே அளவு மிக நுண்ணியது. 100 கிலோ தீனிக்கு மாங்கனீசு குறைந்தது 6 கிராமும், துத்தநாகம் 4 கிராமும் தேவை. செலினியமோ 15 மில்லிகிராமே. அது பன்மடங்கு மிகுந்தால் நஞ்சாகும். கைப்பிடிக் கணக்கில் இதனைக் கலக்க யாரால் இயலும்? தனி ஒருவர் கடையில் வாங்கும் பொட்டலத்தில் உப்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அவர் எங்ஙனம் அறிவார்?

இங்கேதான் கூட்டுறவின் பயன் விளங்கவேண்டும். நிறுவனங்களிடம் ஒப்பந்தத்திற்கு வளர்ப்போர்க்குத் தீனி அவர்களிடமிருந்தே வந்துவிடுகிறது. சொந்த முதலில் நூறு, இருநூறு குஞ்சுகள் வளர்ப்போரே திக்கற்றவர். அவர்களுக்காகச் சங்கம் தாதுக் கலவையை மொத்தமாக வாங்கட்டும். ஒவ்வொரு தவணைச் சரக்கிலும் மாதிரி எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவன ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். முதலில் சிறிதளவு தவிட்டிற் கலந்து, பின்னர் முழுத் தீனியிற் பரப்பும் முறையையும் செய்துகாட்டட்டும்.

சோதனைச் செலவு வீண் என்பர் சிலர். ஒருவர் தாங்கினால் அது பாரமே. நூறு பேர் பகிர்ந்தால் ஒரு கோழியின் விலைகூட ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொணர்வார்களாக.