மோட்டார் வண்டியின் பொத்தான்களும் தமிழும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதுமாறு பணிக்கப்பெறும் தமிழாசிரியன் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுதல் மரபு. அம்மரபினின்றும் விலகி, மோட்டார் வண்டியின் ஓட்டமுறைப் பொத்தான்களையும் அதன் வானொலிப் பெட்டியையும் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்போர் நகைக்க. இப்பொருள் தமிழாசிரியனுக்கு உரியதே என்பதும், மனித உயிரோடு தொடர்புடையது என்பதும் என் துணிபு.

நம் வீதிகளில் இன்று ஓடும் கார்களுட் பெரும்பகுதி யப்பானிற் பிறந்தவை. அவற்றுட் பல அந்நாட்டிலே சில ஆண்டுகள் ஓடியபின் கப்பலேறி இங்கு வந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் புதிய வண்டிகளும் வரலாயின. யப்பானிய மக்களுக்கென அந்நாட்டிலே செய்யப்பட்ட வண்டியாதலின், அதன் திரையிலே தோன்றும் எழுத்தும், கதவைத் திறந்தால் ஒலிக்கும் பெண்குரலும், முன்பெட்டியிலே கிடக்கும் தடித்த கைந்நூலும் யப்பானிய மொழியிலேயே அமைந்துள்ளன. அக்கைந்நூலை நம்மவர் காப்புறுதிப் பத்திரத்தையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் மேலே வைத்தற்குரிய பலகையாகப் பயன்படுத்துகின்றனர். கோடிக்கணக்கிற் பணம் கொடுத்து வாங்கிய பொருளை எவ்வாறு பயன்படுத்துவது என்று கூறும் ஒரே நூல் அது.

“சாரதிக்கு வேண்டியவை சுக்கானும் பிறேக்கும் மாத்திரமே, ஏனையவை வேடிக்கைப் பொருட்கள்” என்று கூறுவோர் உளர். பழைய மொரிஸ், ஒஸ்ரின் வண்டிகளைப் பொறுத்தவரை அக்கூற்று பெரிதும் உண்மை. இக்கால வண்டிக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரேயோர் எழுத்தைச் சான்றாகக் காட்டுகிறேன்.

ரொயோட்டா நிறுவனத்தின் பிறியஸ், அக்குவா போன்ற கலப்பின வண்டிகளின் கியர்ப்பிடியருகே ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தை அடுத்து ‘பி’ என்னும் எழுத்துக் காணப்படும். அது பற்றரியைக் குறிக்கும் என்று கருதி, பற்றரியைச் சேமிக்க வேண்டுமெனச் சமதரையிலே அதனைப் பயன்படுத்துவோரும், பற்றரி கெட்டுவிடும் என அஞ்சி வாழ்நாளில் ஒருமுறையேனும் அதனைத் தீண்டாதோரும் நம்மிடையே உளர். உண்மையில் அவ்வெழுத்துத் தடுப்பைக் குறிப்பது. நீண்ட இறக்கத்தில் எஞ்சினையே பெற்றோலின்றிச் சுழலச் செய்து, அச்சுழற்சியின் தடையால் வண்டியின் வேகத்தை அடக்குவது அதன் தொழில். பழைய வண்டியில் இரண்டாம் கியரில் இறங்குவதற்கு ஒப்பான செயல் இது. சமதரையில் அதனால் நன்மை இல்லை, பெற்றோல் வீணாகும்.

யாழ்ப்பாணம் சமதரை. இங்கே வண்டியோட்டக் கற்றவன் மலையிறக்கம் என்பதை அறியான். ஆயினும் ஆண்டுதோறும் பாடசாலை விடுமுறையில் நம்மவர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கும், சீதையம்மன் கோயிலுக்கும், எல்ல – வெல்லவாய வழியாகக் கதிர்காமத்துக்கும் செல்கின்றனர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,860 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். ஆட்களோடும் பொதிகளோடும் 1,400 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி 1,000 மீற்றர் கீழிறங்கினால் அது இழக்கும் சத்தியை நம் உயர்தர வகுப்பு மாணவன் ஒரு நிமிடத்திற் கணித்துத் தருவான்: ஒரு கோடியே 37 இலட்சம் யூல். 30 பாகையிலுள்ள நீரில் 45 லீற்றருக்கு மேற்பட்டதைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் ஒரு பங்கைக் காற்றுத் தடையும் சில்லுகளின் உருள்தடையும் கொள்ளும். மிகுதி எங்கே செல்லும்? கலப்பின வண்டியில் பற்றரி சிறிது ஏற்கும். அது நிரம்பியதும் மேலும் ஏற்காது. எஞ்சினிடம் ஒப்படைக்காவிடின், கால் பிறேக்கிலேயே இருக்க, அத்தனை வெப்பமும் உள்ளங்கை அகலமுள்ள பிறேக்குத் தகடுகளையே சாரும். தகடுகள் மிகச் சூடேறினால் பிடிமானம் தளரும். பிறேக்கு நெய் கொதித்தால் மிதிகட்டை வெறுமனே கீழே போகும். அந்நிலையில் பின்னிருக்கையில் தாயும் பிள்ளைகளும் உறங்கிக்கொண்டிருப்பர்.

இத்துணையும் அந்த ஓர் எழுத்தின் பொருளை அறியாமையால் நேரக்கூடியது. அப்பொருள் அவ்வண்டியிலேயே அச்சிடப்பட்டுக் கிடக்கிறது, நாம் வாசிக்கவியலாத எழுத்தில்.

ஏனைய ஓட்டமுறைகளைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் அவற்றைப் பற்றியும் தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. ‘எக்கோ’ எனப்படுவதை நான் சிக்கனப் போக்கு என்பேன். அதனை அழுத்தினால் ஆர்முடுகியை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் சற்று மெல்லவே விடையளிக்கும். குளிரூட்டியும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் “ஏசி பழுதாகிவிட்டது” என்று திருத்தகத்துக்கு ஓடுவோர் முதலில் அப்பொத்தானை நோக்குவாராக. பாரவூர்தியை முந்த நினைப்பவனும், சிக்கனப் போக்கில் வண்டி தயங்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ‘பவர்’, ‘ஸ்போர்ட்’ என்பன எஞ்சினுக்குப் புதிய வலுவெதனையும் ஊட்டுவதில்லை. மிதித்தவுடன் உள்ள வலுவை விரைந்து தருகின்றன, அவ்வளவே. ‘ஈவி’ என்பது பற்றரியால் மாத்திரம் மெல்லச் செல்லுதல். பற்றரியிற் போதிய சேமிப்பு இல்லாதபோதும், ஆர்முடுகியை அழுத்தி மிதித்தபோதும் அது தானே விலகிவிடும். அதனைப் பழுதெனக் கருதிப் பணம் செலவிட்டோரும் உளர்.

இனி ஒலிக் கருவிக்கு வருவோம். யப்பானிய வண்டியை வாங்கியவர் முதலில் அடையும் ஏமாற்றம், தமிழ் வானொலி அதிற் கேளாமையே. வானொலிப் பெட்டியிற் குற்றமில்லை. அந்நாட்டுப் பண்பலை ஒலிபரப்பு 76 மெகாஹேட்ஸ் மீடிறனிலிருந்து தொடங்கி முன்னர் 90 வரையும், பின்னர் விரிவாக்கப்பட்டு 95 வரையும் அமைந்தது. நம் நாட்டிலோ 87.5 முதல் 108 வரை. ஆகவே நம் நிலையங்களுட் பல அப்பெட்டிக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. இதற்கெனத் திருத்தகத்தார் ஒரு சிறு கருவியைப் பொருத்துவர். அது மீடிறனைக் குறிப்பிட்ட அளவு கீழிறக்கிப் பெட்டிக்குக் கொடுக்கும். 20 குறைப்பதாயின், 100இல் ஒலிபரப்பும் நிலையம் திரையில் 80 என்று காட்டும். இதனை எவரும் எடுத்துச் சொல்லாமையால், ஓடும் வண்டியிலே ஒருகையாற் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, திரையில் இல்லாத எண்ணைத் தேடித் தேடித் திருகுவாரைப் பார்க்கிறோம். வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும்போதே கழித்தற் கணக்கைச் செய்து, விருப்பமான நிலையங்களை நினைவுப் பொத்தான்களிற் பதித்துவிட்டால் வீதியில் அந்தத் தேடல் வேண்டியதில்லை.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேற் கடக்கும். திரையை இரண்டு வினாடி நோக்கினால், 33 மீற்றர் தூரம் கண்மூடி ஓடியதற்கு ஒப்பாகும். ஏ-9 வீதியில் இரவு நேரத்தில் தார்ச்சூட்டை நாடிப் படுத்திருக்கும் மாடுகளைக் கண்டோர்க்கு 33 மீற்றரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பழைய வண்டிகளில் ஒலியளவுக்கு ஒரு திருகி இருந்தது; கை அதனைத் தானே கண்டுகொள்ளும். புதியவற்றில் யாவும் கண்ணாடித் திரைக்குள் ஒளிந்துகொண்டன. ஸ்வீடன் நாட்டு மோட்டார் இதழொன்று 2022இல் ஒரு சோதனை நடாத்தியது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில், வானொலியை இயக்குதல், குளிர்வெப்பத்தை மாற்றுதல் முதலிய நான்கு சிறு பணிகளைச் செய்யுமாறு சாரதிகளைப் பணித்தது. பொத்தான்களையுடைய 2005ஆம் ஆண்டு வொல்வோ வண்டியில் அவை 10 வினாடியில் முடிந்தன. திரையையே நம்பிய புதிய வண்டியொன்றில் 44 வினாடிக்கு மேற் சென்றன. அதற்குள் வண்டி ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடிவிட்டது. புதியது யாவும் மேலானது என்று எண்ணும் இளைஞர் இக்கணக்கை நோக்குக. ஐரோப்பாவின் வாகனப் பாதுகாப்புச் சோதனை அமைப்பாகிய யூரோ என்காப், 2026 முதல் அதியுயர் தரத்தைப் பெற விரும்பும் வண்டிகளில் சமிக்ஞை விளக்கு, ஊதி, மழைத்துடைப்பான் முதலிய சிலவற்றுக்கேனும் கையாற் தொட்டறியத்தக்க பொத்தான்கள் இருத்தல் வேண்டுமென விதித்தது. சுக்கானிலே பெருவிரலுக்கு அண்மையில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அமைந்துள்ள பொத்தான்களை நம்மவர் பயன்படுத்தாதிருப்பது எனக்கு வியப்பையே தருகிறது. கண்ணை வீதியிலிருந்து எடுக்காமற் செய்யத்தக்கது அது ஒன்றே.

அவ்வொலியைக் குறைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நம் புகையிரதக் கடவைகள் உணர்த்தும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாம் மகிழ்ந்தோம். அதன்பின் படலையற்ற கடவைகளில் மாண்டோர் பலர். குளிரூட்டிக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டையும் உயர்த்திவிட்டால் புகையிரதத்தின் ஊதல் எவ்வாறு செவிக்கு எட்டும்? சில பெட்டிகள் வண்டியின் வேகம் கூடக் கூடத் தாமே ஒலியைக் கூட்டும் இயல்பினவாதலின், முற்றத்தில் அளவாக வைத்த ஒலி வீதியில் உரத்துவிடுவதும் உண்டு. அவ்வியல்பை நிறுத்தும் வழி பெட்டியிலேயே இருக்கிறது. அதுவும் யப்பானிய எழுத்தில்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வண்டி அசையும்போது முன்திரையிலே படம் தோன்றாவண்ணம் யப்பானியர் பூட்டி அனுப்புகின்றனர். அப்பூட்டை உடைத்துத் தருவதைச் சில திருத்தகங்கள் ஒரு சேவையாகவே செய்கின்றன. உரிமையாளரும் அதற்கு மகிழ்ந்து பணம் கொடுக்கின்றனர். சாரதி படம் பார்த்துக்கொண்டு பிறர் பிள்ளைகள் சைக்கிளிற் செல்லும் வீதியில் வருவதை நாகரிகம் என்று கூற என் நா எழவில்லை.

“கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி யப்பானிய எழுத்தைப் படித்துச் சொல்லுமே” என்று மாணவர் கேட்பர். சொல்லும், ஆனால் ‘ஸ்போர்ட்’ என்பதை ‘விளையாட்டு’ என்று சொல்லும். விளையாட்டு என்ற சொல்லைப் படித்த முதியவர் அதனால் என்ன அறிந்துகொள்வார்? சொல்லுக்குச் சொல் கிடைத்தால் அறிவு கிடைத்துவிட்டது என்பது பிழையான எண்ணம். பொருள் விளங்கிய ஒருவர் விளங்காத ஒருவருக்குத் தமிழில் விளக்குதல் வேண்டும்.

அதற்குத் தமிழிற் சொல் இல்லை என்பாரை நான் ஒப்புக்கொள்ளேன். 19ஆம் நூற்றாண்டில் வைத்தியர் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். 1950களிலும் அதன் பின்னரும் அரசகரும மொழித் திணைக்களம் பௌதிகவியல், இரசாயனவியல் முதலிய துறைகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆர்முடுகல், மீடிறன் போன்ற சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்று இன்றும் நம் வகுப்பறைகளிலே வழங்குகின்றன. பரீட்சைத் தாளில் ஆர்முடுகல் எழுதிச் சித்தியடைந்த மாணவன் ஆர்முடுகியின்மேற் காலை வைக்கும்போது அச்சொல்லை மறந்துவிடுகிறான். வீதி விதிகளைத் தமிழிற் படித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதி அனுமதிப்பத்திரம் பெற்றவன், வண்டிக்குள் ஏறியதும் எழுத்தறிவற்றவனாகிறான்.

சொற்களைப் பற்றி எனக்கும் ஐயங்கள் உண்டு. ‘ஈவி’ என்பதை மின்னோட்டம் என்று வைக்க எண்ணினேன். பௌதிகவியல் ஆசிரியர் உடனே மறுத்தார், அச்சொல் அவர் பாடத்திற்கு உரியது என்று. மின்போக்கு என்றால் அவருக்கு உடன்பாடு. ‘பி’ என்பதை இறக்கத் தடுப்பு என்னலாம். இடவலச் சமநிலை, முன்பின் பகிர்வு என்பன ஒலிபெருக்கிகளுக்குப் பொருந்தும்; பின்னிருக்கையிற் குழந்தை உறங்கும்போது ஒலியை முன்பக்கம் மாத்திரம் வைத்துக்கொள்ள இரண்டாவது உதவும். றேடியோ, பற்றரி, பிறேக் ஆகியவற்றைத் தமிழாக்க வேண்டியதில்லை. அவை நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாவின் பொருட்டுத் திரட்டிய நிதியில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, நம் பகுதியில் மிகுதியாக ஓடும் நான்கைந்து வகை வண்டிகளுக்கேனும் ஒரு தமிழ்க் கைந்நூல் வெளியிடுதல் வேண்டும். 32 பக்கம் போதும். வண்டியின் முன்பெட்டிக்குள் அடங்கும் அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு பொத்தானின் படத்தையும் வரைந்து, அதிலுள்ள யப்பானிய எழுத்தை அருகிற் காட்டி, அதன் தொழிலை இரண்டு மூன்று வாக்கியங்களிற் கூறினாற் போதும். முதற்பக்கம் இறக்கத் தடுப்புக்கு உரியது. படம் வரைய நம் சித்திரப் பிரிவு மாணவர் உளர். திருத்தகம் நடாத்தும் பழைய மாணவர் செயன்முறையைச் சரிபார்ப்பர். அவர்களே அந்நூலை வருவோர்க்கு இலவசமாகக் கொடுக்கவும் கூடும். தமிழ் நடையைத் திருத்துவதையும் மெய்ப்பு நோக்குவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். யப்பானிய மொழி பயின்ற பழைய மாணவர் ஒருவர் மாத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. அத்தகையோர் இம்மலரைப் படிப்பாராயின் சங்கச் செயலாளருக்கு எழுதுவாராக. முதற்படியை ஆடி விடுமுறைக்கு முன்னர் அச்சகத்துக்கு அனுப்பினால், மலைநாட்டுக்குச் செல்வோர் அதனை உடன்கொண்டு செல்லலாம்.