அக்ரிலிக் குழாய்க்கு லேசர் எதற்கு?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதிரி, மீன் தொட்டிக்கு ஒரு வடிகட்டி, கணினிக்குள் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடு. இப்படி எதற்காகவாவது தெளிந்த அக்ரிலிக் குழாயைத் தேடிப் போனால் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: “வீட்ல வெச்சு அறுக்காதீங்க சார், தெறிச்சிடும். லேசர்ல குடுத்து வெட்டிடுங்க. ஓரத்துக்குக் கொஞ்சம் நெருப்பு காட்டினா கண்ணாடி மாதிரி ஆயிடும்.” சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இதைக் கேட்டு, ஒரு நல்ல யோசனையை அங்கேயே கைவிட்டுத் திரும்புகிற பிள்ளைகளும் பெரியவர்களும் ஏராளம். லேசர் இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற ஊரிலும் ஒற்றைக் குழாய்க்கு யாரும் இயந்திரத்தை ஓட்டித் தரமாட்டார்கள். அதனால் இந்த அறிவுரையை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு முன், பொருளைப் பற்றி ஒரு விஷயம். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்துவிடும். வெப்பத்தை அது சரியாகக் கடத்தாது. இரும்பை அறுத்தால் சூடு கம்பி முழுக்கப் பரவிவிடும். அக்ரிலிக்கில் அறுத்த இடத்திலேயே தங்கிவிடும். அந்த இடம் மட்டும் இளகி விரிந்து, பிறகு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த பகுதி அதைச் சுருங்க விடாது. அப்படியே ஓர் இழுவிசை உள்ளே பூட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இந்த உள்ளிறுக்கம்தான் அக்ரிலிக் வேலையின் எதிரி. இன்றைக்கு நன்றாக இருக்கும் துண்டு, பத்து நாள் கழித்துப் பசையோ ஸ்பிரிட்டோ பட்டதும் மயிரிழை விரிசல்களாகப் பூத்துவிடுவது இதனால்தான். எந்த முறை குறைவான சூடும் குறைவான இறுக்கமும் வைக்கிறதோ, அதுவே நல்ல முறை. மற்ற வாதங்களை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, “அறுத்தால் தெறிக்கும்” என்பது. தெறிப்பது உண்மை, எதனால் என்பதில்தான் தவறு. குழாய்க்காரர்கள் செம்புக்குழாய்க்கு வைத்திருக்கும் சக்கரக் கட்டரை மாட்டித் திருகினால் தெறிக்கும். அந்தச் சக்கரம் அறுப்பதில்லை, பொருளைப் பிதுக்கி வழிவிடச் செய்கிறது. செம்பு வழிவிடும், அக்ரிலிக் விடாது. பிவிசி குழாய் வெட்டும் கத்தரியும் அப்படித்தான். ஹேக்ஸாவிலேயே கரடான பிளேடு போட்டாலும் ஆபத்து உண்டு. அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடில் பல்லுக்குப் பல் 1.4 மில்லிமீட்டர் இடைவெளி. 3 மில்லிமீட்டர் சுவரில் ஒரே நேரத்தில் இரண்டு பல்தான் படும். ஒவ்வொன்றும் கொக்கி போட்டு இழுக்கும். 32 பல் பிளேடில் நான்கு பல் படும். கடையில் 32 என்று கேட்டு வாங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மீதிப் பாதி, அறுக்கும் விதம். நேர்விளிம்புள்ள ஒரு தாளைக் குழாயைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டுங்கள். தாளின் விளிம்பு தன்மேலேயே சரியாக வந்து படிந்தால், அந்த விளிம்புதான் செங்கோணக் கோடு, அளவுகோல் தேவையில்லை. அதை ஒட்டி மாஸ்கிங் டேப்பைச் சுற்றிவிட வேண்டும். குழாயை வைஸில் பிடித்து நசுக்காமல், ஒரு மரக்கட்டையில் ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளம் எடுத்து அதில் கிடத்தி, இடது கையால் லேசாக அழுத்திக்கொள்வது நல்லது. பிளேடைக் கோட்டில் வைத்து ஒரு மில்லிமீட்டர் ஆழம் அறுத்ததும் நிறுத்திவிட்டுக் குழாயைக் கால்வட்டம் திருப்புங்கள். மறுபடி ஒரு மில்லிமீட்டர், மறுபடி திருப்பல். சுற்றிலும் ஒரு வாய்க்கால் விழுந்த பிறகு அதையே ஆழப்படுத்திக்கொண்டு போக வேண்டும். ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இறக்கினால், பிளேடு உள்வெளிக்குள் பொத்துக்கொண்டு போகிற கணத்தில்தான் ஓரம் சில்லாகப் பெயரும். திருப்பித் திருப்பி அறுக்கும்போது அந்தக் கணம் மெல்லிய தோலில் நடந்து முடிந்துவிடும். இடையிடையே சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. தூள் மாவாக உதிர்ந்தால் சரியாகப் போகிறது. ஈரமில்லாதபோதும் பிசினாக ஒட்டினால் சூடேறிவிட்டது, கையை மெதுவாக்க வேண்டும்.

துளை போடுவதிலும் இதே கதைதான். இரும்புக்கான டிரில் பிட்டின் கூரிய விளிம்பு அக்ரிலிக்கைக் கவ்வி மேலே இழுக்கிறது. அந்த விளிம்பை எண்ணெய்க்கல்லில் இரண்டு முறை தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால், கவ்வாமல் சுரண்டும். குழாய்க்குள்ளே பொருந்துகிற ஒரு மரஉருளையைச் செருகிக்கொண்டால் துளையின் மறுபக்கமும் பிளக்காது.

இரண்டாவது, “லேசர்தான் சுத்தம்.” தட்டைப் பலகைக்கு லேசர் அருமையான கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு குழாயைப் பற்றி. தட்டு மேசை லேசரில் குழாயை அப்படியே வைத்து வெட்ட முடியாது. சுழற்றும் துணைக்கருவி வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் கதிர் எதிர்ச்சுவரையும் தொடும், ஆவியும் உள்ளே படிந்து மங்கலாக்கும். அதைவிடப் பெரிய குறை, லேசர் வெட்டுவதே பொருளை உருக்கி ஆவியாக்கித்தான் என்பது. அந்தப் பளபளக்கும் ஓரம் உருகி உறைந்த ஓரம், உள்ளிறுக்கம் நிறைந்தது. கண்ணுக்கு மிகச் சுத்தமாகத் தெரிகிற விளிம்புதான் பசை தொட்டதும் முதலில் விரிசல் விடுகிறது.

வரலாற்றையும் பார்க்கலாம். அக்ரிலிக் 1930-களில் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக் கூரைகள் அதில்தான் செய்யப்பட்டன. இன்று கடைகளில் அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை இந்தியாவில் பிறந்த குமார் படேல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது 1964-இல். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் ரம்பமும் அரமும் உப்புத்தாளும்தான் எல்லா வேலையையும் செய்தன.

மூன்றாவது, நெருப்பு. இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன், ஏனென்றால் பார்த்தவுடன் மயக்கிவிடும் முறை இது. சுடர் ஒரு முறை ஓடியதும் வெள்ளை விளிம்பு தெளிந்துவிடும். ஆனால் சுடர் ரம்பக் கோடுகளை நீக்குவதில்லை. அவற்றின் முகட்டை மட்டும் உருக்கி மழுக்குகிறது, வரிகள் கண்ணாடிக்குள் அலையாக நின்றுவிடும். தொழிற்சாலைகளில் இதற்கென்று ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த மெல்லிய சுத்தமான சுடரை வைத்திருக்கிறார்கள். வீட்டு பியூட்டேன் டார்ச்சில் அந்தத் துல்லியம் வராது. ஒரு நொடி கூடுதலாக நின்றால் குமிழி எழும்பும். அக்ரிலிக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது கொதித்துக் குமிழியாகிறது. குமிழி வராமல் தப்பினாலும் மேற்பரப்பில் இறுக்கம் ஏறிவிடுகிறது. அந்த ஓரத்தைக் கை கழுவும் சானிடைசர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும், நுண்விரிசல்கள் கிளம்பிவிடும். ஒட்டப்போகும் விளிம்புக்கு நெருப்பு காட்டவே கூடாது. ஏற்கெனவே காட்டியிருந்தால், 80 டிகிரி அளவில் நிற்கக்கூடிய மின்அடுப்பில் சில மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் பெரும்பாலும் தளரும்.

வளைப்பதற்குச் சூடு வேண்டும்தான். கணினி குளிர்விப்புக் குழாய்களை வளைப்பவர்கள் உள்ளே சிலிக்கோன் கயிற்றைச் செருகி, ஹீட் கன்னுக்கு மேலே உருட்டிக்கொண்டே இருந்து, குழாய் தானாகத் தொய்யும்போது வளைக்கிறார்கள். அங்கே வளையும் பகுதி முழுதும், சுவரின் உள்ளும் புறமும் ஒன்றாகச் சூடாகி ஒன்றாக ஆறுகிறது. தோல் மட்டும் வேகவில்லை.

நான்காவது வாதம்: “கையால் தேய்த்தால் மங்கலாகத்தான் இருக்கும், கண்ணாடித் தெளிவு வராது.” இதற்குப் பதில் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 1949-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி மனிதக் கண்ணுக்குள் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார், அது அக்ரிலிக். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் உள்ளே கிடந்தும் கண்ணைப் புண்ணாக்காததைக் கவனித்துத்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். கெட்டி கான்டாக்ட் லென்ஸ்களும் பல்லாண்டு அக்ரிலிக்கை லேத்தில் கடைந்து, பசையால் தேய்த்து மெருகிட்டே வந்தன. கருவிழியில் வைத்துப் பார்க்கும் தெளிவைத் தேய்ப்பு தரும் என்றால், மீன் தொட்டிக் குழாய்க்குத் தராதா?

வெள்ளையாகத் தெரிவது நிறமாற்றம் இல்லை, கீறல்களில் ஒளி சிதறுவது. 1200 எண் வாட்டர் பேப்பரின் துகள் சுமார் 15 மைக்ரான், 2000 எண்ணில் சுமார் 10. ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஆகவே 2000-இல் நிறுத்தினால் பால்படலம் இருக்கத்தான் செய்யும். பலர் இங்கே நிறுத்திவிட்டு “வரவில்லை” என்கிறார்கள். அதற்கு அப்பால் பிராசோ அல்லது கார் பாலிஷ் பசை, மென்துணி, சில நிமிடத் தேய்ப்பு என்று இன்னும் ஒரு படி உண்டு.

தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு ஒட்டவைத்து, குழாயை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். 220-இல் ஒரே திசையில் தேய்த்தால், 400-இல் அதற்குக் குறுக்காக. பழைய திசைக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்ற பிறகே 600, 1000, 2000 என்று போக வேண்டும். 220-இன் ஒரு கீறலை விட்டுவைத்தால் 2000-ஆல் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் போகாது. இன்னொன்று, ஈரத்தோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்ணீர் கீறலை நிரப்பித் தெளிவாகக் காட்டும், துடைத்ததும் உண்மை வெளியே வரும். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் உள், வெளி விளிம்புகளை ஹேக்ஸா பிளேடின் முதுகால் ஒரு சுற்றுச் சுரண்டிப் பிசிறு எடுத்துவிட்டால், விரிசல் தொடங்குவதற்கு ஓர் இடம் குறைந்தது.

ஒட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் குளூ சுற்றிலும் வெண்படலம் படியவைக்கும். அக்ரிலிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் இரண்டு முகத்தையும் கரைத்து ஒன்றாக்குவதால் இணைப்பு தெளிவாகவே நிற்கும். ஆனால் அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல், திறந்த வெளியில்தான் வேலை, பக்கத்தில் சுடர் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

மாற்றுத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீளக் குழாயின் உட்சுவரில் கீறல் விழுந்தால் வீட்டில் அதை மெருகிடுவது பெரும்பாடு; துணி சுற்றிய குச்சி கொஞ்சதூரம்தான் போகும். குழாயின் முனையில் ஒட்டும் வட்டத்தட்டுகளை லேசரில் வெட்டி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம், ஒட்டும் விளிம்பைத் தாளில் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டால் சரி. குழாயிலும் இரண்டு வகை உண்டு: வார்த்தது, பிதுக்கி எடுத்தது. பிதுக்கியது மலிவு, சீக்கிரம் இளகும், பிறப்பிலேயே உள்ளிறுக்கத்தோடு வரும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான அமைப்பில் விரிவுக்கும் இடம் விடுங்கள்: ஒரு மீட்டர் குழாய் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.07 மில்லிமீட்டர் நீளும், மார்கழிக்கும் சித்திரைக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு மில்லிமீட்டர்.

கடைக்காரர் “வேண்டாம்” என்றால் மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அழுத்தப்பட்ட காற்றை அக்ரிலிக் குழாயில் அடைக்கக் கூடாது, எவ்வளவு அழகாக வெட்டி ஒட்டியிருந்தாலும் சரி. உடைந்தால் கூரிய சில்லுகளாகப் பறக்கும். தண்ணீர் ராக்கெட் செய்யும் பிள்ளைகள் குளிர்பான பெட் பாட்டிலையே பயன்படுத்தட்டும். அது கிழியும், சில்லாகச் சிதறாது.