விலைக்குக் கிடைக்காத கல்வி



குன்னூருக்கு அருகேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் சமவெளியில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு பயில்கிறான்.

"சாமி, நான்கு மாணவர் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்து காட்டவேண்டுமாம். செய்து முடித்ததையே கடையில் விலைக்குத் தருகிறார்களாம். பையனோ இரவெல்லாம் பட்டறையில் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். கடைக்காரருக்கே பணத்தை அனுப்பிவிடட்டுமா?" என்றார்.

"உங்கள் தொழிற்சாலையில் ரோலர் நின்றுவிட்டால் சரிசெய்கிறீர்களே, அதை எந்தப் புத்தகத்தில் கற்றீர்கள்?" என்று நான் கேட்டேன்.

"மூத்த ஃபிட்டருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே கற்றேன், சாமி" என்றார். அவருக்கு வேண்டிய விடை அதுவே.

நூலறிவு இன்றியமையாதது. ஆயினும், தாளில் சரியாக வரைந்த தண்டு துளைக்குள் நுழைய மறுக்கும்போதுதான் மாணவன் அளவின் நுட்பத்தை உணர்கிறான். வெல்டிங் வைத்த சட்டம் சூட்டினால் கோணிப்போகும்போதுதான் உலோகத்தின் இயல்பு அவனுக்குப் புலனாகிறது. கோவையில் 1926-இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும், 1951-இல் அதே அறநிலையத்தின் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின. வகுப்பறைப் பாடத்தையும் தொழிற்கூடப் பயிற்சியையும் மாறிமாறிப் பெறும் படிப்பு அங்கு உண்டு. கை அறியாததை மூளை முழுவதும் அறியாது என்பதே அதன் அடிப்படை.

கூடிச் செய்வது ஏன்? நம் மலை இரயிலே சான்று. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பாதையில், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரு இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்றன் பல்லுக்கு நேராக மற்றொன்றன் பல் அமையாதபடி அவற்றைப் பதித்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பல் பிடி விடும் வேளையில் மற்றொரு பல் பற்றிக்கொள்கிறது. நல்ல மாணவர் குழுவும் அவ்வாறே. ஒருவன் சோர்ந்தால் மற்றவன் தாங்குவான். ஒருவன் கணக்கில் தவறினால் மற்றவன் கண்டுபிடிப்பான்.

கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வண்டிகளை மாணவர் குழுக்களே வடிவமைத்துச் செய்யும் 'பாஹா' போட்டி, 2007 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. அதில் ஓடுவதற்கு முன் பிரேக் சோதனை உண்டு. பிரேக்கை மிதித்தவுடன் நான்கு சக்கரங்களும் சுழலாமல் நின்றாகவேண்டும். நில்லாவிடில் வண்டிக்கு ஓட அனுமதியில்லை. எத்தனை அழகிய அறிக்கை எழுதியிருந்தாலும் அங்கே பயன்படாது.

பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள். கடையில் வாங்கியதைத் தன் படைப்பென்று கையொப்பமிடும் இளைஞன், நாளை ஒரு பேருந்தின் பிரேக்கைச் சோதித்தேன் என்றும் கையொப்பமிடுவான். குன்னூர் மலைப்பாதையின் வளைவுகளில் அந்தப் பேருந்தில் அமர்ந்திருப்பவர்கள் நாமும் நம் குழந்தைகளும் அல்லரோ? ஒருவன் உழைக்க மூவர் பெயர் மட்டும் கொடுப்பதும் இதே பொய்யின் மற்றொரு வடிவமே.

ஆகவே, விடுமுறைக்கு வரும் மகனிடமோ மகளிடமோ, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "அந்த இயந்திரத்தில் நீ செய்த பகுதி எது?" என்று கேளுங்கள். "மூன்று முறை செய்தும் பொருந்தவில்லை" என்று சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள், அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். நேரத்துக்கு உண்ணவும் உறங்கவும் நினைவூட்டுங்கள். அது உங்கள் கடமை.

உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் கொண்டாடுமாறு 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். உலகைப் படைத்தவரின் திருமகனே நாசரேத்தூரில் தச்சுத் தொழில் செய்தார். அவருடைய கைகளும் காய்த்திருக்கும் அல்லவா?

அந்தத் தந்தை மகனுக்குப் பணம் அனுப்பினார். கடைக்காரருக்குக் கொடுப்பதற்கன்று, இரும்பு வாங்குவதற்கு.