கலருக்குக் காசு, துருவுக்கு யார் பொறுப்பு?

புதுக்கடை திறக்கிறார்கள். வாசலில் வாழைமரம், உள்ளே பளபளவென்று வரிசையாக இரும்பு ரேக்குகள். ஐவரி வெள்ளை, ஓரத்தில் சிவப்புப் பட்டை. வருகிறவர்கள் எல்லாம் "சூப்பர்மார்க்கெட் மாதிரியே இருக்கே!" என்று பாராட்டிவிட்டு ஒரு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இரண்டு மழைக்காலம் போகட்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ அப்படி ஒரு கடையில் ரேக்கின் அடித்தட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். கால் நிற்கிற இடத்தில் தரையில் பழுப்பு வளையம். உப்புப் பாக்கெட் அடுக்கிய தட்டில் தகடு செதில் செதிலாக உதிரும். அதை மறைக்க மேலே பழைய செய்தித்தாள் விரித்திருக்கும்.

கேட்டால் ஒரே பதில்தான். "கடல் காத்து சார், இரும்புன்னா துருப்பிடிக்கத்தான் செய்யும்." விற்றவரும் இதையே சொல்கிறார், வாங்கி ஏமாந்தவரும் இதையே சொல்கிறார்!

இரும்பு துருப்பிடிக்கும், சரி. இரண்டே வருஷத்தில் பிடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? கடல் காற்று நேற்று வந்ததல்ல. ரேக் செய்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் கொட்டேஷனில் என்ன எழுதப்படுகிறது? "ஹெவி டியூட்டி ரேக், பவுடர் கோட்டட், 12 எண்ணம்." அவ்வளவுதான். தகடு எத்தனை மில்லிமீட்டர், எந்த வகைத் தகடு, பெயின்ட்டுக்கு முன்னால் அதற்கு என்ன செய்தார்கள், பெயின்ட் எத்தனை மைக்ரான்... ஒன்றும் கிடையாது. எழுதாமல் விட்ட அந்த நாலு வரியிலிருந்துதான் துரு வருகிறது.

தராசு இருந்தும் எடை போடாதவர்கள்

முதலில் தகட்டின் கனம். பட்டறைப் பேச்சில் இது கேஜ் கணக்கு. 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. எண் கூடக்கூடத் தகடு மெலியும். இந்தத் தலைகீழ்க் கணக்கே பாதிப் பேரைக் குழப்பிவிடும். "20க்குப் பதிலா 22 போட்டுத் தர்றேன்" என்றால் ஏதோ கூடுதலாகக் கொடுப்பது மாதிரி இருக்கிறது பாருங்கள் :-)

அளந்து பார்த்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பவுடர் கோட்டிங் ஒரு பக்கம் 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.12 முதல் 0.16 மி.மீ. அதாவது 0.7 தகட்டைப் பெயின்ட்டோடு சேர்த்து அளந்தால் 0.85 பக்கம் காட்டும். 0.9 என்று சொல்லி விற்றுவிடலாம்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மி.மீ. கனத்தில், 7.85 கிலோ. மூன்று அடிக்கு ஒன்றரை அடித் தட்டுக்குக் கணக்குப் போட்டால் 20 கேஜில் கிட்டத்தட்ட 3 கிலோ, 22 கேஜில் 2.3 கிலோ. மடிப்புக்குத் தனியாகக் கொஞ்சம் கூடும். பெயின்ட் சேர்ப்பது வெறும் 100 கிராம் அளவுதான். அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம், ஏமாற்றவே முடியாது.

துவரம்பருப்பைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறவர் மளிகைக்கடைக்காரர். மேஜை மேலேயே எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. வாங்குகிற ரேக் தட்டு ஒன்றைக்கூட அதில் வைத்துப் பார்ப்பதில்லை. ரேக் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தராசில் ஏறுவது பழைய இரும்புக் கடையில்தான். என்ன கொடுமை இது?

கனம் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. மடிப்பே இல்லாத தட்டைத் தகட்டில், கனத்தைப் பாதியாக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் தட்டின் நாலு பக்கமும் மடிக்கிறார்கள், அடியில் ஒரு பட்டை கொடுக்கிறார்கள். நன்றாக மடித்த 20 கேஜ் தட்டு, மடிக்காத 18 கேஜ் தகட்டைவிட அதிகம் தாங்கும். விளிம்பை உள்பக்கமாக இன்னொரு முறை சுருட்டி மடித்தால் பலமும் கூடும், கையும் அறுபடாது. நாள் முழுக்கச் சரக்கு அடுக்குகிற பையனின் விரல்களைப் பார்த்தால் இந்த மடிப்பின் அருமை தெரியும்.

பெயின்ட்டுக்கு அடியில்

ரேக் வாங்கும்போது எல்லோரும் கலர் கார்டைப் புரட்டுகிறார்கள். துருவைத் தடுப்பதில் கலருக்கு வேலையே இல்லை. வேலை எல்லாம் அதற்கு அடியில்.

சாதாரண கோல்ட் ரோல்டு தகடு ஆலையிலிருந்து எண்ணெய் பூசித்தான் வரும். அந்த எண்ணெயை எடுக்க வேண்டும், கழுவ வேண்டும், இருக்கிற துருவை எடுக்க வேண்டும், கழுவ வேண்டும், பாஸ்பேட் கரைசலில் முக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும், கடைசியாக பாசிவேஷன். இதைத்தான் தொழிலில் 'ஏழு டேங்க்' என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பவுடர் அடித்து, சுமார் 180 முதல் 200 டிகிரியில் வேக வைப்பது.

பாஸ்பேட் படலம் இல்லாவிட்டாலும் பெயின்ட் ஒட்டும், பளபளக்கும், கடைதிறப்பு விழா போட்டோவில் அழகாக விழும். ஒரு கீறல் விழட்டும், அப்போது தெரியும். கீறல் வழியாக ஈரம் நுழைந்து பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து பரவும். வெளியே தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு நேரே பவுடர் அடிக்கிற இடங்கள் இருக்கின்றன. இரண்டு வேலையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், விலையில்தான் வித்தியாசம். கடைக்காரர் விலை குறைவானதை எடுக்கிறார். ஏழு டேங்கும் வைத்து, அமிலக் கழிவையும் சுத்திகரித்து ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். மலிவு விலை ஏமாற்றுவது கடைக்காரரை மட்டும் அல்ல, நேர்மையான பட்டறையையும் சேர்த்துத்தான் மூடுகிறது.

டெல்லி இரும்புத் தூண் பற்றி எல்லோரும் படித்திருப்பார்கள். 1600 ஆண்டுகளாக அது ஏன் கரைந்து போகவில்லை என்பதற்கு ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கம் தந்தார். இரும்பில் இருந்த அதிகப்படியான பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. டேங்கில் முக்கும் முறை வேறு, அது வேறு. ஆனாலும் அங்கேயும் காப்பாற்றுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம்தான்!

இன்னொன்று, விளிம்பு. பவுடர் உருகும்போது கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும். மின்சாரத்தால் ஈர்க்கப்பட்டு ஒட்டுகிற பவுடர், உள்மூலைகளுக்குள் சரியாகப் போகவும் போகாது. அதனால்தான் துரு எப்போதும் மூலையிலும் துளையிலும் வெட்டு விளிம்பிலும் ஆரம்பிக்கிறது. பிசிறு எடுக்காத தகட்டில் எத்தனை மைக்ரான் அடித்தாலும் வீண்.

"500 மணி நேரம் சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் பண்ணது சார்" என்று சிலர் அசத்துவார்கள். அது உப்புத் தண்ணீரைப் புகையாகத் தெளித்து இரண்டு பூச்சுகளை ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை. 500 மணி என்றால் 5 வருஷம் என்று மாற்றிக் கணக்குப் போட வழியே கிடையாது. போட்டால் அது விற்பனை வசனம், அவ்வளவே.

துத்தநாகம் என்கிற தியாகி

கடலோரக் கடைக்குச் சாதாரணத் தகட்டின் மேல் வெறும் பெயின்ட் போதுமா? காற்றின் அரிப்புத் தன்மையைப் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 தரநிர்ணயத்தைப் பாருங்கள். சி3 என்ற நடுத்தரப் பிரிவில், திறந்தவெளியில் வெறும் இரும்பு முதல் வருஷத்தில் 25 முதல் 50 மைக்ரான் கரையும். அதே இடத்தில் துத்தநாகம் 0.7 முதல் 2.1 மைக்ரான்தான். சி5 என்ற கடுமையான பிரிவில் இரும்பு 80 முதல் 200, துத்தநாகம் 4.2 முதல் 8.4. கடைக்குள்ளே இவ்வளவு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். இருபது மடங்குக்கு மேல்!

ஜி.ஐ. தகட்டில் '120 கிராம்' என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வெட்டு விளிம்பிலும் அப்படித்தான். அதன் மேல் முறையாகப் பவுடர் அடித்தால், இரண்டும் தனித்தனியாக இருக்கும் ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகவே உழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஜி.ஐ.யை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும், புகை வேலை செய்கிறவருக்கும் கெடுதல். கொக்கியும் போல்ட்டும் போட்டு மாட்டுகிற ரேக்குக்குத்தான் இது சரி.

காந்தம் சொல்லும் பொய்

"அப்ப எல்லாமே எஸ்.எஸ்.ல போட்டுடலாமே?" போடலாம். எந்த எஸ்.எஸ்.? காந்தத்தை ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் 'அசல்' என்று ஊர் முழுக்க நம்பிக்கை. 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். காந்தம் ஒட்டாது. விலை குறைவான 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! 430 ரகத்தில் நிக்கல் இல்லை, குரோமியம் 16 முதல் 18 சதவீதம். காந்தம் 'டக்' என்று ஒட்டும். ஆனால் துருவைத் தாங்குவதில் மலிவான 200 வரிசைத் தகடுகளுக்கு அது குறைந்ததே இல்லை. காந்தத்தை நம்பியவர் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை வாங்கி வருகிறார்.

304-ஐயும் கெடுக்க வழி இருக்கிறது. தரை கழுவ ஆசிட், பிளீச்சிங் பவுடர், தேய்க்க இரும்புக் கம்பி நார். குளோரைடு பட்டால் எஸ்.எஸ்.ஸும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கம்பி நார் விட்டுப்போகும் இரும்புத் துகளே துருப்பிடிக்கும்.

பணத்தை எங்கே போடுவது?

"இதெல்லாம் பெரிய கடைக்கு. கடன் வாங்கிக் கடை வைக்கிறவன் என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி. பதில், எல்லா இடத்திலும் செலவு செய்ய வேண்டாம். தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டும் செய்தால் போதும்.

ரேக்கைத் தின்பது மாப் தண்ணீரும் உப்பும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடலோரக் காலை நேரங்களில் அது சர்வசாதாரணம். ஆகவே அடித்தட்டும் தூணின் கீழ்ப்பகுதியும் ஜி.ஐ. மேல் பவுடர், அல்லது 304. காலுக்குப் பிளாஸ்டிக் அடிக்கட்டை. உப்பு, புளி, ஊறுகாய்க்குப் பிளாஸ்டிக் தட்டு. மேல் தட்டுகள் ஏழு டேங்க் கண்ட சாதாரணத் தகடாக இருந்தால் தாராளம். முதுகுத் தகடு மெல்லியதாக இருந்தால் குடி முழுகாது. கோயம்புத்தூரில் உள்ளரங்கத் துணிக்கடைக்கு இந்த அளவுகூடத் தேவையில்லை.

இரண்டு வருஷ வாடகைக் கடை என்றால் புது ரேக்கே வேண்டாம். துளை போட்ட ஆங்கிளில் செகண்ட் ஹேண்ட் ரேக் வாங்கலாம். பார்க்க அழகில்லைதான். அதில் ஏமாற்று வேலையும் இல்லை.

யாராக இருந்தாலும் கொட்டேஷனில் நாலு வரி கேட்டு வாங்க வேண்டும். பெயின்ட் இல்லாத தகட்டின் கனம் மில்லிமீட்டரில். தகட்டின் வகை. பெயின்ட்டுக்கு முந்தைய சுத்திகரிப்பு. பூச்சு எத்தனை மைக்ரான். சரக்கு வந்ததும் ஒரு தட்டை எடைபோட வேண்டும். மறைவான மூலையில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். பெயின்ட் டேப்போடு வந்தால் ரேக்கும் வந்த வண்டியிலேயே போகட்டும். கீறிய இடத்தில் கொஞ்சம் டச்-அப் பெயின்ட் வைத்தால் சரியாகிவிடும்.

எழுதித் தர மறுக்கிறவர் "நம்பிக்கைதான் சார் தொழில்" என்பார். அப்படியே ஆகட்டும். அந்த நம்பிக்கையைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் கலர் கார்டை நீட்டினால், பதிலுக்குத் தராசை நீட்டுங்கள்.