ஞாயிற்றுக்கிழமைச் சக்கரம்

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிப்பவருக்கு வாரத்தில் இரண்டு விதமான தரை வாய்க்கிறது. வேலை நாட்களில் தேனி நேரு சிலை, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி என்று தார். ஞாயிறு வந்தால் முல்லைப் பெரியாற்று வாய்க்கால் கரை, உத்தமபாளையம் பக்கத்துத் தோப்புப் பாதை, காமயகவுண்டன்பட்டி திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகும் மண் தடம். தாரில் வழவழப்பான டயர் சுகமாக ஓடும். மண்ணில் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்தான் பிடிக்கும். சைக்கிளோ ஒன்றுதான். சனிக்கிழமை இரவு டயரை மாற்றுவதா, தனியாக ஒரு ஜோடிச் சக்கரமே வாங்கி வைப்பதா என்று இங்கே பலர் யோசிக்கிறார்கள்.

கழற்றி மாட்டலாம் என்ற நினைப்பே ஒரு காலத்தில் இல்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் செய்த காற்று டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பசையைப் பிய்த்து எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி ஒட்டிக் காய வைக்க வேண்டும். ஒரு ராத்திரி போய்விடும். பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் இதற்கு விடையாகக் கழற்றும் டயரைக் கொண்டுவந்தார்கள். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரில் ஓட்டி ஜெயித்த பிறகு ஊர் உலகம் நம்பியது.

சக்கரத்தையே கழற்றி மாட்டும் வழக்கம் மலையில் பிறந்தது. 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடையாது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, நட்டைத் திருகி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். அந்த நட்டோடு மல்லுக்கட்டிய இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பக்னோலோ 1930-இல் நெம்புகோலைத் தட்டினால் கழலும் ஆக்சிலுக்குக் காப்புரிமை வாங்கினார். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவர் இன்று இறங்க வேண்டியதில்லை. விரலால் கியரைத் தட்டினால் போதும். ஆனால் தரை மாறும்போது கியர் உதவாது, ரப்பர்தான் மாற வேண்டும்.

வாரா வாரம் டயரை மட்டும் கழற்றி மாட்டலாம் என்பவர்கள் ஒரு மாதத்தில் அலுத்துப்போவார்கள். இரண்டு டயர், இரண்டு டியூப், லிவர், பம்பு என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். அவசரத்தில் லிவரை டியூபில் அழுத்திவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடையில்தான் விடியும்.

அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 26 என்று போட்ட டயரெல்லாம் ஒரே 26 அல்ல. பழைய மாடல் சைக்கிளின் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். மலைப்பாதை சைக்கிளின் 26 × 1.95 டயருக்கு அது 559. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தை எந்த மெக்கானிக்காலும் இழுத்துச் சரிக்கட்ட முடியாது. 28-ம் அப்படித்தான்: பால்காரர் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635, இப்போதைய 700சி டயருக்கு 622. பக்கச்சுவரில் பொடி எழுத்தில் 50-559 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் ஏமாற வேண்டியதில்லை.

தனிச் சக்கர ஜோடி வசதியானதுதான், காசு இருந்தால். 27.5 இஞ்ச் சக்கரத்தில் 2.1 அகல டயரும், 700சி சக்கரத்தில் 35 மில்லிமீட்டர் டயரும் வெளி விட்டத்தில் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் 690 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதனால் டிஸ்க் பிரேக் சைக்கிளின் சட்டத்தில் இடம் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டலாம், பெடலின் உயரம் மாறாது. ஆனால் ஹப்புக்கு ஹப் டிஸ்க் தகடு நிற்கும் இடம் மயிரிழை தள்ளும். பிரேக் கட்டை உரசிக் கிரீச்சிடும். புது செயின் தேய்ந்த கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுப்பில்) ஏறினால், அழுத்தி மிதிக்கிற நேரம் பார்த்து நழுவும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இரண்டு ரிம்மும் ஒரே அகலம் இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துச் சரி செய்ய ஆள் இருக்கிற ஊரில் அது சுகம். இல்லாத ஊரில் சுவரில் மாட்டிய அலங்காரம்.

பள்ளத்தாக்குக்கு என்றே இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று காற்று. ஆடி மாதம் தேனியிலிருந்து கம்பம் நோக்கி மிதித்தவருக்குத் தெரியும்: மலை இடுக்கில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும்போது டயர் எதுவானாலும் வேகம் ஒன்றுதான். இன்னொன்று நெருஞ்சி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரத்துச் சைக்கிள்காரர்கள் இந்தக் கொடியைப் பிடுங்கவே ஆள் திரட்டி, 2018-இல் விழா எடுக்கத் தொடங்கினார்கள். அங்கே அது வந்தேறி. நமக்கோ சொந்த ஊர்க்காரன். கட்டைப் பல் டயர் போட்டாலும் பல்லுக்கு இடையில் உள்ள மெல்லிய ரப்பரில் அந்த முள் இறங்கிவிடும். வேலியோரம் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முள்ளுக்கு மருந்து டயரின் பல் அல்ல. உள்ளே வைக்கும் பட்டையும் டியூபில் ஊற்றும் அடைப்பு திரவமும்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உண்மையான மலைத்தடம் இங்கே எவ்வளவு மிச்சம்? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ மலையேற்றம் போனவர்களைப் பலி வாங்கிய பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 வளைவுகளில் ஏறுவது தார்ச்சாலை. அதை விட்டுக் காட்டுக்குள் சக்கரத்தைத் திருப்புவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஆக, கைக்கு எட்டுவது வாய்க்கால் கரையும் தோட்டத்து மண் பாதையும்தான். அதற்குப் பெரும் பல் டயர் தேவையே இல்லை.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸை வைத்திருந்த தலைமுறை ஒரே டயரில்தான் சந்தைக்கும் தோட்டத்துக்கும் போனது. நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு பல்லுமாக, 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலத்தில் இப்போது டயர் கிடைக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கு அதுவே போதும். முன் சக்கரத்தில் கொஞ்சம் பல் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் மணல் வளைவில் வழுக்காது. மாற்ற வேண்டியது காற்றைத்தான். நடுத்தர எடையுள்ளவர் தாரில் 50 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) வைத்தால், மண்ணுக்கு 35-க்கு இறக்கலாம். அதற்கும் கீழே வெகுவாகப் போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை விழும்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து இந்த 15 பாயிண்ட் வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால், அதில் ஒரு சிறு பங்குக்கு முள் காட்டும் மீட்டர் வைத்த கால் பம்பு ஒன்றை முதலில் வாங்குங்கள்.