மோயாற்றுப் பாறுகளுக்கும் மகசீருக்கும் முன்னுரிமை கோரி

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே நீளும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில், வெண்முதுகுப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகும், காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் மீனும் அற்றுப்போகும் நிலையில் இருப்பதால், வன உயிர்க் காப்புக்கான நிதியைப் பங்கிடும்போது இவ்விரண்டையும் முன்வரிசையில் வைக்குமாறு அரசை வலியுறுத்தப் பொதுமக்கள் முன்வர வேண்டும் என இப்பள்ளத்தாக்கின் நலன் நாடுவோர் கேட்டுக்கொள்கின்றனர்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், ஓர் இனம் அற்றுப்போகும் அபாயம் எவ்வளவு என்று கணிக்கிறதேயன்றி, பணத்தையும் ஆளையும் முதலில் எதற்கு ஒதுக்குவது என்று கூறுவதில்லை. அதை முடிவுசெய்ய, அவ்வினத்துக்கு நெருங்கிய உறவினம் வேறு உண்டா, அழிவின் காரணம் தெரிந்ததா, அக்காரணம் மனித முயற்சியால் நீக்கத்தக்கதா என்பவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நிதி வரம்புடையது, ஒன்றை முன்னே வைப்பது இன்னொன்றைக் காத்திருக்கச் செய்வதே என்பது மறைக்கத்தக்கதன்று. ஆனால் உருவத்தின் கம்பீரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், காப்பாற்றக்கூடியவையும் கைநழுவிப் போகும்.

கால்நடைகளின் வலிக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததால், 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் 2007க்குள் மறைந்தன. அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலும், அதேபோல் பாறுகளுக்குத் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கு 2023இலும் தடை வந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை பெருகப் பல பத்தாண்டுகள் ஆகும். எனினும் காரணமும் தெரிந்து, மெலாக்சிகாம் என்னும் தீங்கற்ற மாற்று மருந்தும் கிடைக்கும்போது, இதற்குச் செலவிடும் பணம் வீணாகாது.

50 கிலோவுக்கு மேல் வளரும் மகசீரோ, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தூண்டிற்காரர்களிடம் புகழ்பெற்றிருந்தும், 2018இல்தான் ‘டோர் ரெமாதேவி’ என்னும் அறிவியற்பெயருக்கு உரியதென அடையாளம் காணப்பட்டது. அதுவரை அது குறைந்துகொண்டே வந்தபோதும் சிவப்புப் பட்டியலின் கணக்கில் வரவில்லை. பட்டியலில் இல்லாத இனம் நலமாக இருக்கிறது என்று கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதும். அணைகளும் வெடிவைத்து மீன்பிடித்தலும் போதாவென்று, நல்லெண்ணத்துடன் குஞ்சுபொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து காவிரியில் விடப்பட்ட வேறொரு மகசீர் இனமும் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே, கால்நடை வளர்ப்போர் மருத்துவரிடம் மெலாக்சிகாமையே கேட்டுப் பெறவும், தீங்கான மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்தால் திறந்தவெளியில் போடாமல் புதைக்கவும், ஆற்றோர ஊரார் வெடிவைப்போரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவிக்கவும், வெளியாற்று மீன்குஞ்சுகளை மோயாற்றில் விடும் முயற்சிகளை எதிர்க்கவும், இவ்விரு இனங்களுக்கும் தனிநிதி கோரிக் கிராமசபைகளில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவும் வேண்டுகிறோம்.